மாடல் ரயில் லேஅவுட்டுக்குப் பழைய லாரி கிட் சேர்ப்பது எப்படி?

மாடல் ரயில் செய்பவர்கள் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் மாதக்கணக்கில் தேடுவார்கள். லாரி என்று வந்தால் மட்டும் கையில் கிடைத்த ஒன்றைச் சரக்குக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு இதில் மனம் ஆறுவதே இல்லை. ரயில் என்ன கொண்டுவந்தது, அது எந்த ஊர், எந்தக் காலம் என்பதையெல்லாம் பார்ப்பவருக்குச் சொல்வது அந்த லாரிதான். மரக்கட்டை இழுக்கும் வண்டி நின்றால் பக்கத்தில் காடு இருக்கிறது என்று அர்த்தம். பால் கேன் அடுக்கிய வண்டி நின்றால் அது பண்ணைகள் நிறைந்த கிராமம். ஆகவே புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்கு என் முதல் யோசனை இது: கிட்டை (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களின் தொகுப்பை) வாங்கும் முன்பு, உங்கள் ஸ்டேஷனில் அந்த லாரிக்கு என்ன வேலை என்று முடிவு செய்யுங்கள். வேலை இல்லாத லாரி எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் லேஅவுட்டில் ஒட்டாது.

இந்தக் கட்டுரைக்கு பிரிட்டனின் ஓஓ அளவை எடுத்துக்கொள்கிறேன். 1930 முதல் 1960கள் வரையிலான சாலை வண்டிகளுக்குப் பழைய பிளாஸ்டிக் கிட்டும் வெள்ளை உலோகக் (எளிதில் உருகும் கலப்பு உலோகத்தில் வார்த்த) கிட்டும் இந்த அளவில் நிறையவே வந்திருக்கின்றன. தொடங்குவதற்கு இது நல்ல இடம்.

முதலில் ஸ்கேல்

ஓஓ என்பது 1:76, அதாவது நிஜ வண்டியில் 76இல் ஒரு பங்கு. துல்லியமாகச் சொன்னால் ஓர் அடிக்கு 4 மி.மீ. ஹெச்ஓ என்ற இன்னோர் அளவு 1:87, ஓர் அடிக்கு 3.5 மி.மீ. இரண்டும் ஓடுவது ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 4 அடி 8½ அங்குல இருப்புப்பாதையை ஓஓ அளவுக்குச் சுருக்கினால் கிட்டத்தட்ட 18.8 மி.மீ. வர வேண்டும். பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் 3.5 மி.மீ. அளவிலான உடலுக்குள் அடங்கவில்லை. உடலை மட்டும் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். தண்டவாளம் ஒன்றுதானே என்று ஹெச்ஓ லாரியை ஓஓ ஸ்டேஷனில் நிறுத்தினால், அது எட்டில் ஒரு பங்கு சிறியதாகத் தெரியும். பக்கத்தில் மனிதப் பொம்மையை நிறுத்தினால் கதவு குட்டையாகத் தெரியும்.

பழைய பெட்டிகளில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பிரிட்டிஷ் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸின் ராணுவ வண்டிக் கிட்டுகளில் ‘ஹெச்ஓ/ஓஓ’ என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் 1:76. ஜப்பானின் ஃபுஜிமியும் 1:76இல் செய்தது. மற்ற நிறுவனங்கள் பலவும் 1:72இல் செய்தன. 1:72 லாரியை ஓஓவில் வைக்கலாமா? தனியாக நின்றால் தெரியாது. சரியான அளவு லாரி ஒன்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் உடனே தெரியும்.

சோதிக்க ஒரு சிறிய அளவுகோல் போதும். 1930கள் முதல் 1950கள் வரையிலான பிரிட்டிஷ் லாரிகள் பெரும்பாலும் 7½ அடி அகலத்துக்குள் இருந்தன. ஓஓவில் அது 30 மி.மீ., ஹெச்ஓவில் 26 மி.மீ. கண்காட்சியில் பெட்டியைத் திறந்ததும் பின்பலகையை அளந்து பாருங்கள். விற்பவர் சொல்லும் ஸ்கேலைவிட அந்த அளவை நம்பலாம்.

இருக்கும் ஹெச்ஓ லாரிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லேஅவுட்டின் பின்கோடியில், மேட்டுச் சாலையில் வைத்தால், சிறிய அளவே தூரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு ஆண்டு

ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். ‘நீராவிக் காலம்’ என்று பொதுவாகச் சொல்வது போதாது. 1923 முதல் 1947 வரை பிரிட்டனில் நான்கு பெரிய ரயில் நிறுவனங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சொந்த லாரிகள், சொந்த நிறம். கிரேட் வெஸ்டர்ன் என்றால் சாக்லேட்டும் கிரீமும், சதர்ன் என்றால் பச்சை. 1948 ஜனவரி 1 அன்று எல்லாம் அரசுடைமையாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆனது. அதே ஆண்டில் சாலைச் சரக்கு நிறுவனங்களையும் அரசு எடுக்கத் தொடங்கியது. பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸின் சிவப்பு லாரிகள் சாலைக்கு வந்தன. பார்சல் பிரிவுக்குப் பச்சை.

ஆண்டைக் காட்டிக்கொடுக்கும் சின்ன விஷயங்கள் பல உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இருட்டடிப்புக்காக முன்விளக்கில் மூடி போட்டார்கள். மட்கார்டு விளிம்பில் வெள்ளை அடித்தார்கள். கனரக லாரிகளுக்கு 1957 வரை மணிக்கு 20 மைல்தான் வேகம். பின்புறம் ‘20’ என்று எழுதிய சிறு வெள்ளை வட்டம் இருக்கும். பிறகு வரம்பு 30 ஆனது. உங்கள் லேஅவுட் 1950 என்றால் அந்த வட்டம் இருக்க வேண்டும். 1962 என்றால் இருக்கக் கூடாது. பெயின்ட் வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும், விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது இதைத்தான். நம்பர் பிளேட் கறுப்பில் வெள்ளை அல்லது வெள்ளி எழுத்து; மின்னும் பிளேட் 1960களின் பிற்பகுதியில்தான் வருகிறது.

ரயில் நிலையத்துக்கே உரிய வண்டி ஒன்று வேண்டுமென்றால் ஸ்காமெல் மெக்கானிக்கல் ஹார்ஸைத் தேடுங்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிரெய்லர். குதிரை வண்டி திரும்பும் நெருக்கடியான சந்துகளில் திரும்புவதற்காகவே 1930களில் வந்தது. 1948இல் அதன் இடத்தை ஸ்காராப் பிடித்தது. இந்த இரண்டில் எது நிற்கிறது என்பதை வைத்தே லேஅவுட்டின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 1935இல் ஸ்காராப் நின்றால் அது பிழை. 1952இல் பழைய மெக்கானிக்கல் ஹார்ஸ் நின்றால் பிழையில்லை, ஏனென்றால் பழைய வண்டிகள் பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வண்டி லேஅவுட்டின் ஆண்டைவிடப் புதியதாக இருக்கலாகாது, பழையதாக இருக்கலாம்: காலக் கணக்கில் இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் போதும்.

எந்தக் கிட்டைத் தேடுவது

புதியவர்கள் ‘லாரி கிட்’ என்று தேடினால் ஏஎம்டி போன்ற அமெரிக்க நிறுவனங்களின் 1:25 பீட்டர்பில்ட், கென்வொர்த் கிட்டுகள்தான் வரிசையாக வரும். அருமையான கிட்டுகள்தான், ஆனால் ஓஓ எஞ்சினைவிடப் பெரியவை. அவற்றை விட்டுவிடுங்கள்.

ஓஓவுக்கு வளமான சுரங்கம் ஏர்ஃபிக்ஸின் ராணுவ வரிசை. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான ராணுவ லாரிகள் உபரி என்று விற்கப்பட்டு, தனியார் கைக்குப் போயின. ஆகவே போர்க்கள டயோராமாவுக்காக (காட்சி மாதிரிக்காக) வார்த்த கிட்டிலிருந்து, 1950களின் கிராம ஸ்டேஷனுக்குப் பொருத்தமான லாரி கிடைக்கிறது. 5.5 அங்குல பீரங்கியோடு வரும் ஏஇசி மேட்டடார், மரக்கட்டை இழுக்கும் வண்டியாகவும் பழுது வண்டியாகவும் பல பத்தாண்டுகள் உழைத்தது. விமானப்படை எரிபொருள் தொகுப்பில் பெட்ஃபோர்ட் கியூஎல்லும் ஒரு மேட்டடாரும் இருக்கும். அவசர உதவித் தொகுப்பில் ஆஸ்டின் கே2 ஆம்புலன்ஸும் கே6 தீயணைப்பு வண்டியும். மீட்புத் தொகுப்பில் ‘குயீன் மேரி’ என்ற நீண்ட டிரெய்லரோடு பெட்ஃபோர்ட் ஓஎக்ஸ். கூடவே தார்னிக்ராஃப்ட் அமேசான் மேல் ஏற்றிய கோல்ஸ் கிரேன். அந்தக் கிரேன் ஒன்றை வைத்தே ஒரு சரக்கு முற்றத்தை உயிர்ப்பிக்கலாம். டாங்கி ஏற்றும் ஸ்காமெல்லும் உண்டு. அதன் டிரெய்லரில் பெரிய கொதிகலன் ஒன்றை ஏற்றினால் அமைதிக்கால வண்டி.

மேட்ச்பாக்ஸ் 1970களில் இதே 1:76இல் ராணுவ வண்டிகள் போட்டது. பல நிற பிளாஸ்டிக், சின்னதாக ஒரு நிலத்தளம் என்று வரும். ஜெனரல் மான்ட்கோமரியின் கேரவன் கிட்டில் இருப்பது லேலண்ட் ரெட்ரீவர். பாலைவனப் படையின் கிட்டில் ஷெவர்லே 30 ஹண்ட்ரட்வெயிட். இரண்டுக்கும் பின்கட்டை மாற்றினால் நல்ல லாரிகள்.

பிளாஸ்டிக்குக்கு அடுத்தது வெள்ளை உலோகம். லாங்லி, ஸ்பிரிங்சைடு போன்ற சிறு நிறுவனங்கள் ரயில்காரர்களை மனதில் வைத்தே செய்தன. பொதுச் சாலையில் ஓடிய லாரிகள் இங்கே அதிகம். ஆனால் எடை கூடுதல், விளிம்பு தடிமன், செப்பனிடும் வேலையும் கூடுதல். முதல் கிட்டாக இதை எடுக்காதீர்கள்.

உங்கள் லேஅவுட் ஹெச்ஓ என்றால் பட்டியல் வேறு. அமெரிக்காவின் 1910கள், 20கள் என்றால் ஜோர்டன் நிறுவனத்தின் ‘ஹைவே மினியேச்சர்ஸ்’. அதில் வரும் மேக் ஏசி ‘புல்டாக்’ லாரியின் பாகங்கள் தலைமுடி போல மெல்லியவை, நல்ல இடுக்கி வேண்டும். ஜெர்மனி என்றால் கிப்ரியின் கிரேன்கள், பிரைசரின் தீயணைப்பு வண்டிகள்.

ஐம்பதுகளின் சென்னைச் சரக்கு முற்றத்தைச் செய்ய நினைப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் கிட்டுகள் உதவும். அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் கட்டிய காமெட் லேலண்டின் வடிவமைப்பே. பெட்ஃபோர்டுகளும் நம் சாலைகளில் ஓடியவைதான். பின்கட்டை மட்டும் நம் ஊர் மரப்பலகைக் கட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது

பொம்மைக் கண்காட்சி, ரயில் கிளப்புகளின் விற்பனை மேசை, ஏல நிறுவனங்கள், இணைய ஏலம்: வழிகள் இவை. தொடக்கத்தில் கண்காட்சியே மேல். கையில் எடுத்துப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்தால் தபால் செலவையும் சுங்க வரியையும் முதலிலேயே விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மலிவான கிட் பல சமயம் அங்கேயே மலிவை இழக்கும்.

அடுத்தது, பாகங்களை வார்க்கும் அச்சு பழையதா, கிட் பழையதா என்ற கேள்வி. ஏர்ஃபிக்ஸ் 1981இல் நொடித்தது. அச்சுகள் பாலிடாய்க்கும், 1986இல் ஹம்ப்ராலுக்கும், 2006இல் ஹார்ன்பிக்கும் கைமாறின. ஒரே அச்சில் ஒரே லாரி பல தடவை, பல பெட்டிகளில் வெளிவந்திருக்கிறது. காகிதத் தலைப்பு வைத்த பிளாஸ்டிக் பையில் வந்தது ஆரம்பக்கால வெளியீடு. பெட்டிக்கும் பைக்கும் மதிப்புக் கொடுப்பவர் சேகரிப்பாளர்; அவர் கூடுதல் விலை கொடுக்கிறார். கட்டி லேஅவுட்டில் வைக்கப்போகிற நீங்கள் அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். பெட்டி நசுங்கிய, ஓரம் கிழிந்த கிட்டைத் தேடுங்கள்; உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அதேதான். அச்சு தேய்வதால் பிந்திய வெளியீடுகளில் பாகத்தின் ஓரத்தில் மெல்லிய பிசிறு அதிகமிருக்கும், கத்தியால் சுரண்டிவிடலாம். மறுவெளியீடு வரும்போது பழையதன் விலை சரிவதும் வழக்கம். பொறுமை உள்ளவருக்கு இது லாபம்.

திறந்த பெட்டி என்றால் செய்முறைத் தாளை விரித்து, ஸ்ப்ரூவில் (பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில்) இருக்கும் பாகங்களை எண்ணோடு ஒத்துப் பாருங்கள். முதலில் தேட வேண்டியவை ஸ்டியரிங் சக்கரம், முன்விளக்குகள், கண்ணாடி; தொலைவது இவைதான். ஒரு சக்கரம் இல்லை என்றால் கவலைப்படாதீர்கள், உதிரியாக வாங்கலாம். கேபினின் கூரையோ முன்முகமோ இல்லை என்றால் வாங்காதீர்கள். ஏலப் படத்தில் பெட்டி மட்டும் இருந்தால் உள்ளே இருப்பதன் படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

யாரோ சிறுவயதில் ஒட்டிவைத்த லாரிகளையும் ஒதுக்காதீர்கள். அவை கொள்ளை மலிவு. பழைய குழாய்ப் பசை வயதாகி நொறுங்கும் தன்மை கொண்டது. வண்டியை ஒரு பையில் போட்டு இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் இணைப்பை மெல்ல நெம்பினால் பல இடங்களில் பிரிந்து வரும். தடித்த பழைய பெயின்டை டெட்டாலில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். முதலில் தெரியாத இடத்தில் ஒரு சிறு பாகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பொருளின் நோய்கள்

டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னங்கள்) மஞ்சளாகியிருந்தால், தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவையுங்கள். மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகச் சிதறுவது. ஆகவே தேவையில்லாத ஒரு எழுத்தை வெட்டி முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சிதறினால், தாள் முழுதும் டீக்காலுக்கென்றே விற்கும் திரவப் படலத்தையோ தெளிந்த வார்னிஷையோ பூசி, நன்றாகக் காய்ந்த பின் ஒவ்வொன்றாக வெட்டிப் பயன்படுத்துங்கள்.

மென்மையான வினைல் டயர்கள் இன்னொரு தொல்லை. அவற்றிலுள்ள எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரின் சக்கரத்தை உருக்கும். இப்படிப்பட்ட கிட் வாங்கினால் வந்த அன்றே டயர்களைத் தனிப் பையில் போடுங்கள்.

கூரையும் பக்கப்பலகையும் வளைந்திருந்தால் கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி, தட்டையான கண்ணாடிமேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். கொதிநீர் வேண்டாம்.

வெள்ளை உலோகக் கிட்டில் ஈயம் இருக்கலாம். அரம் தேய்த்த தூளை ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பாட்டு மேசையில் வேலை செய்யாதீர்கள், கையைக் கழுவுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பாகங்களின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயத்தின் அரிப்பு. ஓக் மர அலமாரியிலும் மட்டமான அட்டையிலும் இருந்து வரும் அமில ஆவி அதைத் தூண்டும். ஒட்டுவதற்கு எபாக்சி பசை போதும். 70 டிகிரியில் உருகும் தனிச் சால்டர் கிடைக்கிறது என்றாலும், சாதாரணச் சால்டரிங் அயர்னின் சூட்டில் பாகமே உருகி வழிந்துவிடும். 1930களின் துத்தநாக வார்ப்பு லாரிகளில் மயிர்க்கோடு போல விரிசல் கண்டால் தொடவே வேண்டாம். உலோகத்தில் கலந்த ஈயம் போன்ற மாசுகளால் வரும் சிதைவு அது, மருந்து கிடையாது.

மேட்டடாரைக் கட்டுவோம்

முதல் கிட்டாக நான் சிபாரிசு செய்வது ஏர்ஃபிக்ஸ் மேட்டடார். நிஜ வண்டி ஏறத்தாழ 6.3 மீட்டர் நீளம்; ஓஓவில் 83 மி.மீ. கையில் பிடித்து வேலை செய்ய வசதியான அளவு.

ஸ்ப்ரூவோடு எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பாகங்களைப் பிய்க்காமல் கட்டரால் வெட்டி எடுங்கள். சேசிஸை ஒட்டும்போது நான்கு சக்கரமும் ஒரே சமயத்தில் கண்ணாடியைத் தொடுகின்றனவா என்று பாருங்கள்; பழைய கிட்டில் ஒரு சக்கரம் தூக்கி நிற்பது சகஜம். முன்சக்கரங்களைக் கொஞ்சம் திருப்பி ஒட்டுங்கள். முற்றத்துக்குள் வளைந்து வந்து நின்ற வண்டி போலத் தெரியும்.

ராணுவப் பின்கட்டையும் தார்ப்பாயையும் ஒட்டாதீர்கள். சேசிஸின் மேல் பிளாஸ்டிக் தகட்டால் ஒரு பலகைத் தளம். பின்முனையில் ஏ வடிவத்தில் ஒரு தூக்குக்கம்பம், 1 மி.மீ. பித்தளைக் கம்பி ஓஓவில் 3 அங்குலக் குழாய், சரியான கனம். உச்சியில் ஒரு சிறு கப்பி, அதிலிருந்து கறுப்பு நூல் தளத்தின் அடியில் இருக்கும் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) வரை. நூலுக்குத் தேன்மெழுகு தடவினால் பிசிறு எழாது.

சரக்குக்கு நிஜக் குச்சிகளே நல்லவை. பட்டை மெல்லியதாக, வழவழப்பாக இருக்க வேண்டும். 2 அடி விட்டமுள்ள மரம் ஓஓவில் 8 மி.மீ.; 20 அடி நீளம் 80 மி.மீ. நன்றாகக் காயவைத்து, வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்த்து, முனைக்கு மட்டும் வெளிர் நிறம் கொடுங்கள். பக்கத்துச் சைடிங்கில் (கிளைத் தண்டவாளத்தில்) மரம் ஏற்றும் போல்ஸ்டர் வேகன் இரண்டு நிற்கட்டும். இப்போது லாரிக்கும் ரயிலுக்கும் நடுவே ஒரு வேலை நடக்கிறது.

நிறம் உங்கள் விருப்பம். உபரி வண்டியை வாங்கியவர் பிரஷ்ஷாலேயே சொந்த நிறம் அடித்துக்கொண்டதும் உண்டு; அப்படியென்றால் சேசிஸின் அடியில் ராணுவப் பச்சை எட்டிப்பார்க்கலாம். பளபளப்பு வேண்டாம். சேறு கீழிலிருந்து மேலே போகப் போகக் குறைய வேண்டும். டயரின் அடியை உப்புத்தாளில் ஓர் இழுப்பு இழுத்தால் தட்டையாகி, எடையோடு நிற்பதுபோல் தெரியும்.

பாதுகாப்பது

கட்டாத கிட்டுகளைப் பரணில் போடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் வளையும். சென்னை, யாழ்ப்பாணம் மாதிரியான கடற்கரை ஊர்களில் ஈரம்தான் முதல் எதிரி. டீக்காலையும் செய்முறைத் தாளையும் ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலத்துக்கு முன் ஜெல்லை மாற்றுங்கள். பெட்டிகளை மேலே மேலே அடுக்காமல் புத்தகம்போல நிறுத்திவையுங்கள். ஒரு நோட்டில் கிட்டின் பெயர், எங்கே வாங்கியது, என்ன விலை, எந்தப் பாகம் குறைவு என்று எழுதிவைத்தால் அடுத்த கண்காட்சியில் எதைத் தேடுவது என்று தெரியும்.

மேட்டடாரில் மிஞ்சிய பீரங்கியையும் தார்ப்பாய்க் கட்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ராணுவ மாடல் செய்பவர்கள் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் கொடுத்துவிட்டு, உங்களுக்குக் குறைகிற சக்கரங்களை வாங்கிக்கொள்ளலாம்.